கரடியின் இரண்டு முட்டைகள்

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் மரத்துப்போனால் நீட்டிக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் என் மடி இருக்கிறது. ஒரு கரடி முட்டையிட்ட கதையைச் சொல்லப்போகிறேன். சிரிக்காதீர்கள். முட்டையிட்டது ஆண் கரடி. அதற்குப் பாராட்டுப் பத்திரம்கூட வந்தது.

ஒரு மிருகக்காட்சிசாலை. யானை, சிங்கம் எல்லாம் வைத்துக் கட்டுப்படியாகிற அளவுக்குப் பெரியதல்ல. அங்கே இருந்தவற்றில் உடம்பும் வயிறும் பெருத்தது கரடிதான். அந்தக் கரடியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மாமனார். அதே வளாகத்தில், பாம்பு அறைகளுக்குப் பின்பக்கம் ஒட்டுப்போட்டாற்போல் இருந்த ஒரு சின்ன அறையில், கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள் அவருடைய மருமகள். காலையில் இருவரும் ஒரே பஸ்ஸில் போவார்கள், ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள்.

கரடிக்கு மாமனார் வைத்த பெயர் சம்பந்தி. மருமகளின் அப்பா உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் சாப்பாடு எங்கே என்று பார்ப்பார். கரடியும் அப்படியே. கல்யாணமான புதிதில் இந்தப் பெயர் காதில் விழுந்தபோது அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஒருநாள் கரடி சுவரில் முதுகைச் சாய்த்து, வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, நிதானமாகக் கொட்டாவி விடுவதை நேரில் பார்த்தாள். "எங்கப்பாவேதான் மாமா" என்று ஒத்துக்கொண்டுவிட்டாள்.

அவளுக்கு அங்கே கொடுத்திருந்த வேலை, வளாகத்தில் உள்ள உயிர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி. முதலில் "விலங்கு" என்று ஒரு வகுப்பை, அதாவது ஒரு பொது அச்சை, எழுதினாள். எண், வயது, எடை, தடுப்பூசி, தீனிச் செலவு என்று எல்லா உயிருக்கும் பொதுவானவை அதில். அந்த வகுப்பைத் தாயாக வைத்து, அதற்குப் பிள்ளைகளாகப் பாலூட்டி, பறவை, ஊர்வன. தாயிடம் இருப்பதெல்லாம் பிள்ளைகளுக்குத் தானாக வந்து சேர்ந்துவிடும். அதற்குமேல் பறவைக்கு இறக்கை நீளம், முட்டைக் கணக்கு. பாலூட்டிக்குக் குட்டிக் கணக்கு. பாம்புக்குச் சட்டை உரித்த தேதி. தாய் சொத்து பிள்ளைகளுக்கு வருவதில் அடிதடி இல்லாத குடும்பம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

சிக்கல் அடுத்த படியில் இருந்தது. நிரலுக்குத் தாய், பிள்ளை என்ற உறவு புரியும். தகவலைச் சேமித்து வைக்கிற தரவுத்தளத்துக்கு உறவும் தெரியாது, முறையும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கட்டம் போட்ட அட்டவணை. ஒரு குடும்பத்தையே கொண்டுபோய்க் கட்டங்களுக்குள் உட்கார வைக்கவேண்டும். அதற்குச் சில வழிகள் உண்டு. எல்லாரையும் ஒரே பெரிய அட்டவணையில் போட்டு, யார் என்ன இனம் என்று ஒரு பத்தியில் குறித்துவிட்டு, தனக்குப் பொருந்தாத கட்டங்களை அவரவர் காலியாக விட்டுவிடலாம். அல்லது பொதுவானதைத் தாய் அட்டவணையில் வைத்து, முட்டையைப் பறவையிடமும் குட்டியைப் பாலூட்டியிடமும் தனித்தனி அட்டவணைகளில் கொடுத்து, ஒரே எண்ணால் இரண்டையும் முடிச்சுப் போடலாம். அதுவும் வேண்டாமென்றால், ஒவ்வொரு இனத்தையும் முழுசாகத் தனிக்குடித்தனம் வைத்துவிடலாம். ஆனால் வயது, எடை, தீனி என்று பொதுவான பத்திகளையும் ஒவ்வொரு வீட்டிலும் புதிதாகக் கட்டவேண்டியிருக்கும். அவளுக்கு நடுவில் சொன்னதுதான் பிடித்திருந்தது. அதைப் படமாக வரைந்து எடுத்துக்கொண்டு மிருகக்காட்சிசாலையின் டைரக்டரிடம் போனாள்.

டைரக்டர் அதற்குமுன் ஒரு பெரிய சாமான் கிடங்கை நடத்திப் பெயர் வாங்கியவர். எதையும் எண்ணை வைத்துத்தான் அறிவார். அவர் கூண்டுப் பக்கம் போனதை யாரும் பார்த்ததில்லை.

"எத்தனை டேபிள்மா இது?"

"நாலு சார். தாய் ஒண்ணு, பிள்ளைங்க மூணு."

"எதுக்கு நாலு? கிடங்குல ஆணியும் சோப்பும் ஒரே டேபிள்லதான் இருந்துச்சு. அதுங்க என்ன அடிச்சுக்கிச்சா? ஒண்ணே போடு."

"ஒண்ணா போட்டா நிறைய கட்டம் காலியா கிடக்கும் சார். கரடிக்கு இறக்கை கிடையாது..."

"காலியா?" என்று டைரக்டர் நாற்காலியில் நிமிர்ந்தார். "காலிக் கட்டம்னா அங்க ஒருத்தன் வேலை செய்யாம தூங்கியிருக்கான்னு அர்த்தம். எந்தக் கட்டமும் காலியா இருக்கக்கூடாது. எல்லாமே கட்டாயம்னு போட்டுடு."

"கரடியோட இறக்கை நீளம்னு என்ன சார் போடறது?"

"இல்லன்னா என்னம்மா? பூஜ்யம். இதைக் கேக்கவா இவ்வளவு படிச்சே?"

காலி வேறு, பூஜ்யம் வேறு. காலி என்றால் இந்தக் கேள்வி உனக்கில்லை என்று அர்த்தம். பூஜ்யம் என்றால் கேட்டோம், நீ தேறவில்லை என்று அர்த்தம். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தொண்டைவரை வந்ததை விழுங்கிவிட்டு, "சரிங்க சார்" என்று வந்துவிட்டாள். அன்றைக்கே பாம்புகளுக்கெல்லாம் குட்டி பூஜ்யம் என்று ஆனது. கிளிகள் பூஜ்யம் தடவை சட்டை உரித்தன. பல குட்டிகளுக்குத் தகப்பனான சம்பந்தி, பூஜ்யம் முட்டையோடு அட்டவணையில் உட்கார்ந்தார்.

ஒவ்வொரு மாதமும் அந்த அட்டவணை தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே யாரோ ஒரு புத்திசாலி, பறவைகளை மனதில் வைத்து ஒரு விதி எழுதினார்: ஒரு வருடமாக முட்டையிடாத உயிரைத் தொலைவில் உள்ள வேறொரு காப்பகத்துக்கு மாற்றிவிட வேண்டும், தீனிச் செலவு அதிகமானது முதலில் போகவேண்டும். ஆண் பறவை என்ன செய்யும் என்று கேட்காதீர்கள். அவற்றை ஜோடியாகத்தான் பதிவு செய்வார்கள். பெட்டை இடுவதில் சேவலுக்கும் பங்கு எழுதிவிடுவார்கள். கரடிக்குத்தான் பங்கு கொடுக்க ஆளில்லை. விதியை மெஷினில் ஓட்டினார்கள். பட்டியல் வந்தது. தலையில் நின்றது சம்பந்தியின் எண்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் மாமனார் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்ததும் மருமகள் டீ போட்டு வைத்தாள். அவர் டம்ளரைத் திரும்பிப் பார்க்காமல் தன் மனைவியிடம் பேசினார்.

"உன் மருமககிட்ட சொல்லு. அடுத்த மாசம் சம்பந்தியை வண்டியில ஏத்தி அனுப்பறாங்களாம்."

"எங்க அனுப்பறாங்க? அவரு நல்லா இருக்காரா? காலையிலகூட போன்ல பேசினாரே" என்று பதறினாள் மாமியார்.

"அவரில்லடி. என் சம்பந்தி. முட்டை போடலயாம்."

"கரடி எதுக்குங்க முட்டை போடணும்?"

"அதை உன் மருமககிட்ட கேளு. அவதான் அதுக்குன்னு ஒரு கட்டம் கட்டி வச்சிருக்கா."

மருமகளுக்குச் சுருக்கென்று தைத்தது. "மாமா, நான் வேணும்னே..."

"உன் மருமககிட்ட இதையும் சொல்லு. வைத்தியத்துக்குப் பக்கத்து ஊர் போய்ட்டு வந்ததுக்கே அவரு நாள்கணக்குல தீனியத் தொடல. வயசாச்சு. இந்தத் தொலைவு போனா திரும்ப ஒரு வாய் திங்கமாட்டாரு. போறது கரடி இல்ல, பொணம்."

டீ ஆறி ஆடை கட்டியது. மாமியார் அதை எடுத்துத் தானே குடித்தாள்.

மறுநாள் அவள் டைரக்டர் முன்னால் போய் நின்றாள். கட்டத்தைக் காலியாக விட அனுமதித்தால் போதும், கரடி பட்டியலில் வராது என்று தன்னால் முடிந்தமட்டும் விளக்கினாள். டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "அது கரடியோ கொக்கோ எனக்குத் தெரியாதும்மா. மேல மெஷின் கணக்குப் போட்டிருக்கு. மெஷினுக்கு யார்மேலயும் பகை கிடையாது."

"ஆனா தப்பான கேள்விய..."

"கேள்வி எல்லாருக்கும் ஒண்ணுதான். அதுக்குப் பேர்தான் நியாயம்."

அவள் திரும்பி வந்து தன் அறையில், பாம்புகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுருண்டு கிடப்பதைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

மாமனார் உட்காரவில்லை. தீனிக்கூடத்தில் ஒரு மெஷின் உண்டு. எந்த மிருகம் என்ன தின்றது என்று பராமரிப்பாளர்கள் அதில் தினமும் தட்டுவார்கள். அவர் தன் கரடியின் எண்ணைத் தட்டினார், முட்டைக் கட்டத்துக்கு நகர்ந்தார், பூஜ்யத்தை அழித்து இரண்டு என்று போட்டார். கட்டம் எல்லாருக்கும் பொதுவாயிற்றே, மெஷின் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. அன்று வீட்டில் டீயைக் கேட்டு வாங்கிக் குடித்தார். மருமகளிடம் நேராகவே பேசினார்.

"சம்பந்தி ரெண்டு போட்டாரும்மா."

"ரெண்டு என்ன மாமா?"

"முட்டைதான். கெட்டி ஓடு."

"ஐயோ மாமா! என்ன காரியம் பண்ணிட்டீங்க!"

"ஏன், கம்மியா? நாலு போட்டிருக்கணுமோ? எனக்கே கூச்சமா இருந்துச்சு, அதான் ரெண்டோட நிறுத்திக்கிட்டேன்."

மாமியார் சிரித்துச் சிரித்து இருமினாள். மருமகளுக்கும் சிரிப்பு வந்தது. மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்ற பயமும் வந்தது. ஆனாலும் அடுத்த பட்டியலில் கரடி இல்லை. அது போதும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அது போதவில்லை. தலைமை அலுவலகத்தின் மெஷின் முட்டை எண்ணிக்கையோடு தாயின் எடையையும் சேர்த்துப் பார்த்தது. இவ்வளவு எடையுள்ள உயிர் முட்டையிட்டதாக அதன் ஞாபகத்திலேயே இல்லை. உடனே ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு லாரி வந்தது. லாரியில், எடைக்கு ஏற்ற அளவில் செய்த ஓர் அடைகாக்கும் பெட்டி. கட்டில் போல நீளம், உள்ளே கதகதப்பான மெத்தை, பக்கத்தில் விளக்கு. பாராட்டை நேரில் வழங்க டைரக்டர் முதல்முறையாகத் தன் அறையை விட்டு இறங்கி, எண்ணைப் பார்த்துக்கொண்டே கூண்டு கூண்டாக நடந்து வந்து நின்றார்.

டைரக்டர் கரடியைப் பார்த்தார். கரடி டைரக்டரைப் பார்த்தது. மாமனார் வானத்தைப் பார்த்தார்.

"இதுவா?" என்றார் டைரக்டர்.

"இவருதாங்க" என்றார் மாமனார்.

டைரக்டர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கடைசியில், "மேல ஒத்துக்கிட்டாங்க. மறுக்க நாம யாரு?" என்று சொல்லி, பத்திரத்தைக் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். கரடி பெட்டிக்குள் ஏறிப் படுத்து, அன்று முழுக்கச் சொகுசாகத் தூங்கியது.

பெட்டி வந்தால் குஞ்சு வரவேண்டுமே? வாரம் தவறாமல் போன் வந்தது. ஓடு விரிசல் விட்டதா, உள்ளே சத்தம் கேட்கிறதா என்று விசாரித்தார்கள். பிறகு, ஒரு அதிகாரி நேரில் வருவார் என்றார்கள். முட்டை இல்லையென்று தெரிந்தால் பொய்க் கணக்கு எழுதிய பராமரிப்பாளருக்கு வேலை போகும். முட்டை இல்லாத கரடிக்கு மறுபடியும் வண்டி வரும். முன்பு கரடி மட்டும் போவதாக இருந்தது. இப்போது இரண்டு பேரும் போவதாக ஆயிற்று. மாமனார் தைரியமாகத்தான் பேசினார், ஆனால் சாப்பாட்டில் கை அளைந்துகொண்டிருந்தது. மருமகள் அதைப் பார்த்தாள். நான்கு அட்டவணைப் படத்தை மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். டைரக்டர் அதைத் தொடவே இல்லை. "பாராட்டு வாங்கின டேபிள்மா அது. அதைப் போய் உடைப்பாங்களா?" என்றார்.

அதே கையோடு இன்னொரு வேலையும் கொடுத்தார். ஊழியர்களுக்குத் தடுப்பூசி போட்ட விவரத்தைத் தலைமை அலுவலகம் கேட்டிருந்தது.

"அந்த டேபிள்லயே இவங்களையும் சேர்த்துடு."

"விலங்கு டேபிள்லயா சார்? மனுஷங்களையா?"

"தடுப்பூசிக் கட்டம் அங்க இருக்குல்ல? இன்னொரு டேபிள் எதுக்கு தண்டத்துக்கு?"

"தீனிச் செலவு கட்டாயம் சார். என்ன போடறது?"

"சம்பளத்தைப் போடு. திங்கத்தானே வாங்கறோம்?"

அடுத்து என்ன நடக்கும் என்பது அவள் கண்ணுக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது. முன்பு விழுங்கியதைப் போலவே இப்போதும் விழுங்கினாள். ஆனால் இந்தத் தடவை அது கசக்கவில்லை.

"முட்டைக் கட்டத்துல சார்...?"

"பூஜ்யம்! எத்தனை தடவைம்மா சொல்றது?"

"உங்களையும் சேர்த்துடவா சார்?"

"முதல்ல என்னைப் போடு. தலைமையில இருக்கறவன்தான் முன்னால நிக்கணும்."

"சரிங்க சார்" என்றாள் மருமகள். அவ்வளவு பணிவாக அவள் அதற்குமுன் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

அடுத்த பட்டியல், அதிகாரி வருவதற்கு முன்பே வந்துவிட்டது. எப்போதும்போல எண் மட்டும்தான். டைரக்டர் எல்லாரையும் முற்றத்தில் கூட்டி, தலையில் நின்ற எண்ணைக் கணீரென்று வாசித்தார். வண்டி வாசலில் தயாராக நின்றது. டிரைவர் வண்டியிலிருந்த கூண்டின் கதவைத் திறந்து, உள்ளே வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்.

"முட்டையும் கிடையாது, தீனியோ மலை மாதிரி! இத்தனை நாள் இதை யாரும் கவனிக்கலயா? உடனே ஏத்துங்க. எந்தக் கூண்டு இது?"

மருமகள் தொண்டையைச் செருமினாள்.

"அது நீங்கதான் சார்."

முற்றத்தில் கிளிகள் மட்டும் கத்தின.

டிரைவர் ஒன்றும் புரியாமல், தன் வேலையில் கண்ணாக, "ஏறச் சொல்லுங்கம்மா. தண்ணி வச்சிருக்கேன், வழியில பழம் உண்டு. கடிக்குமா?" என்று கேட்டார்.

மாமனார் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். டைரக்டர் பட்டியலைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், பிறகு அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், கணக்கை மெஷின் போட்டது, மெஷினுக்கு யார்மேலும் பகை கிடையாது என்று அவருக்கு எடுத்துச் சொன்னது. போனை வைத்தபோது அவர் காது சிவந்திருந்தது.

"நான் எப்படிம்மா முட்டை போடுவேன்?"

"போட முடியாது சார்."

"அப்ப பூஜ்யம்னு போட்டா எப்படி? நான் என்னமோ முயற்சி பண்ணித் தோத்த மாதிரியில்ல இருக்கு! என் வரிசையில அந்தக் கட்டமே இருக்கக்கூடாது!"

"அதுக்குத்தான் சார் அன்னிக்கு நாலு டேபிள் கேட்டேன்."

"நாலு என்ன, அஞ்சு போடு, ஆறு போடு! மனுஷனையும் மிருகத்தையும் ஒண்ணா போட்டது யாருன்னு கேக்கறேன்!"

அவள் பதில் சொல்லவில்லை. சில கேள்விகளுக்கும் கட்டத்தைக் காலியாக விடுவதுதான் மரியாதை.

மேசையிலேயே உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். பொதுவானவற்றைத் தாய் அட்டவணையில் வைத்தாள். முட்டை பறவையோடும் ஊர்வனவோடும் போயிற்று. குட்டி பாலூட்டியோடு போயிற்று. ஊழியர்கள் சம்பளத்தோடும் தடுப்பூசியோடும் முற்றிலும் தனி அட்டவணைக்குக் குடிபோனார்கள். எண்களை முடிச்சுப் போட்டுவிட்டு, பழைய தகவலை ஒவ்வொரு வரிசையாகப் புதிய இடங்களுக்கு நகர்த்தினாள். கரடியின் முறை வந்தது. எடை போனது, வயது போனது, குட்டிகள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. இரண்டு முட்டைகள் மட்டும் வாசலில் நின்றன. பாலூட்டி அட்டவணையில் அவற்றை வைக்க இடமே இல்லை. அவள் அவற்றை அப்படியே விட்டுவிட்டாள். பழைய அட்டவணையோடு அவையும் போயின.

முட்டைப் பத்தியில் கரடியும் டைரக்டரும் இல்லாததால் மெஷின் இருவரையும் தேடவில்லை, வண்டி காலியாகவே திரும்பியது. முட்டையே பதிவில் இல்லாததால் அதிகாரி எதைப் பார்க்க வருவது என்று தெரியாமல் பயணத்தை ரத்து செய்தார். தகவல்களை இனவாரியாகப் பிரிக்கும் தமது புதிய முறையைப் பற்றி டைரக்டர் ஒரு கூட்டத்தில் நீண்ட உரை ஆற்றினார். அதற்கும் பாராட்டுப் பத்திரம் வந்தது. இதை அவர் கம்பியில் மாட்டவில்லை, தன் அறையில் மாட்டிக்கொண்டார்.

வீட்டில் மாமனார் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"சம்பந்தி இனி இங்கதானே?"

"இங்கதான் மாமா. அவர் கட்டம் அவருக்கு."

"பெட்டிய திருப்பிக் கேப்பாங்களா? அதுல படுத்தாத்தான் அவருக்கு இப்பல்லாம் தூக்கமே வருது."

"முட்டையே இல்ல, பெட்டி ஏதுன்னு யார் கேக்கப்போறா?"

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ நஷ்டப்பட்டவர்போல, "இருந்தாலும் அந்த ரெண்டு முட்டை..." என்று இழுத்தார்.

"பேசாம டீயைக் குடிங்க" என்றாள் மாமியார்.

மறுநாள் காலை மருமகள் அறைக் கதவைத் திறப்பதற்குள், வௌவால் கூண்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏம்மா, என் வௌவால் குட்டி போட்டுப் பால் குடுக்குதுதான், இல்லங்கல. அதுக்காக நேத்துவரைக்கும் இருந்த இறக்கையக் கழட்டி எங்க வச்சே?"

மருமகள் சாவியைக் கையில் பிடித்தபடி சிரித்தாள். பிறகு உள்ளே போய், பாலூட்டிக்கு இறக்கையுள்ள ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொடுக்க உட்கார்ந்தாள்.

உங்கள் வீடும் நிறையட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் கொட்டாவி விட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரு மூலை இருக்கட்டும், பறக்கிறவர்களுக்குக் கூரை உயரமாக இருக்கட்டும். உங்கள் பிள்ளைகளிடம் இல்லாத முட்டையை யாரும் கேளாமல் இருக்கட்டும். அடுப்பில் டீ ஆறாமல் இருக்கட்டும். அதைக் குடிக்க எல்லாரும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டு வந்து உட்காரட்டும்.